வென்டிலேட்டரோடு எல்லை தாண்டும் நோயாளிகளுக்காக: கடலூர், புதுச்சேரி சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கடலூர் மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்கள், புதுச்சேரி நலவழித்துறை இயக்குநர் அவர்கள், இரு பக்கத்து 108 சேவைப் பொறுப்பாளர்கள்.

பொருள்: உயிர்காக்கும் கருவிகளில் இருக்கும் நோயாளிகளை மருத்துவமனை விட்டு மருத்துவமனை மாற்றுவதற்கு இரு பக்கத்துக்கும் பொதுவான நடைமுறை வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து, புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கும் கோரிமேடு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். ஆல்பேட்டை, ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், மரப்பாலம் என்று தடம் எல்லோருக்கும் அத்துப்படி. தலையில் அடிபட்டவர், பாம்பு கடித்தவர், பூச்சிமருந்து குடித்தவர், மூச்சு முட்டும் பச்சிளம் குழந்தை என இரவு பகல் பாராமல் இந்த வழியாகத்தான் போகிறார்கள். காட்டுமன்னார்கோவில், விருத்தாசலம் பக்கமிருந்து கிளம்பினால் பயணம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டும்.

நாங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும், மயக்கவியல் துறையிலும், ஆம்புலன்ஸ்களிலும் வேலை செய்பவர்கள். எந்த மருத்துவமனையையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவரை இடம் மாற்றுவதற்கு, எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நடைமுறை, ஒரே படிவம், ஒரே தொலைபேசி மேசை வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை. "போற வழியிலேயே உயிர் போயிடுச்சு" என்று குடும்பத்தார் சொல்லும் பல நேரங்களில், அந்த ஆபத்து வண்டி கிளம்புவதற்கு முன்பே கட்டிலருகில் உருவாகிவிட்டது. அதனால் கட்டிலிலிருந்தே தொடங்குகிறோம்.

முதலில் கேட்க வேண்டியது, இந்த நோயாளி போகத்தான் வேண்டுமா என்பது. மூளை அறுவை, ரத்தக்குழாய் அடைப்பு நீக்கம், டயாலிசிஸ் என்று இங்கே இல்லாத ஒன்று அங்கே இருந்தால் போகலாம். இங்கே ஓடும் அதே வென்டிலேட்டர்தான் அங்கேயும் ஓடப்போகிறது என்றால், அதற்காக ஒருவரை இரண்டு முறை கட்டில் மாற்றி, ஒரு மணி நேரம் குலுக்கிக் கொண்டுபோவதில் லாபமில்லை. பிழைக்க வழியில்லாத நிலையில் இருப்பவரின் குடும்பத்திடம் அதை உட்கார்ந்து சொல்ல வேண்டும். சொல்லத் தயங்கி "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்று சீட்டு எழுதுவது அவர்களுக்குச் செய்யும் உதவியாகாது.

போகத்தான் வேண்டும் என்று முடிவானால், அடுத்தது படுக்கை. அனுப்பும் மருத்துவர், பெறும் மருத்துவரிடம் நேரடியாகப் பேசி, எந்த வார்டு, எந்தப் படுக்கை, யார் பெறுகிறார் என்று கேட்டு, பெயரும் நேரமும் எழுதிக்கொள்ள வேண்டும். இது புதுக் கோரிக்கையே இல்லை. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவரை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பிய வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: எங்கே படுக்கை காலியோ அங்கே நோயாளியை உடனே அனுப்ப மையத் தகவல் தொடர்பு ஏற்பாடு வேண்டும், ஆம்புலன்ஸில் தேவையான கருவிகளும் மருத்துவப் பணியாளர்களும் இருக்க வேண்டும். ஒரு மாநிலத்துக்குள்ளேயே இது அவசியம் என்றால், நோயாளி ஒரு மாநிலத்திலும் படுக்கை ஒரு யூனியன் பிரதேசத்திலும் இருக்கும் நம் பகுதிக்கு இது இன்னும் அவசியம்.

இனி ஆக்ஸிஜன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், ஏனென்றால் கணக்குப் போட்டால் தவிர்த்துவிடக்கூடிய ஆபத்து இதுதான். "சிலிண்டர் ஃபுல்லா இருக்கு சார்" என்ற பதில் போதாது. சிலிண்டரின் நீர்க் கொள்ளளவை (லிட்டரில்) அழுத்தமானியின் முள் காட்டும் அழுத்தத்தால் (பார் அளவில்) பெருக்கினால் உள்ளே எத்தனை லிட்டர் என்று தெரிந்துவிடும். பி-டைப் சிலிண்டரின் கொள்ளளவு 10 லிட்டர். முள் 150-ல் நின்றால் 1,500 லிட்டர், 100-ல் நின்றால் 1,000 லிட்டர். ஜம்போ என்று சொல்லும் டி-டைப்பில் நிரம்பிய நிலையில் ஏறக்குறைய 7,000 லிட்டர்.

நோயாளி நிமிடத்துக்கு 10 லிட்டர் மூச்சு எடுக்கிறார், நூறு சதவீத ஆக்ஸிஜனில் இருக்கிறார், கருவி தன் பங்குக்கு இரண்டு லிட்டர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 12 லிட்டர். கட்டிலிலிருந்து வண்டிக்கு 10 நிமிடம், கடலூரிலிருந்து கோரிமேடு ஒரு மணி நேரம், வண்டியிலிருந்து அங்குள்ள படுக்கைக்கு 20 நிமிடம். ஆக 90 நிமிடம், 1,080 லிட்டர். சனி, ஞாயிறு மாலையில் புதுவைக்குள் நுழையும் நெரிசலையும், வண்டி பஞ்சராவதையும், அங்கே படுக்கை தயாராகத் தாமதமாவதையும் எண்ணி இதை இரண்டால் பெருக்க வேண்டும்: 2,160 லிட்டர். அப்படியானால் நிரம்பிய ஒரு பி-டைப் சிலிண்டர் போதாது. இரண்டு வேண்டும், இல்லையென்றால் வண்டியில் ஒரு டி-டைப்பும், தூக்கிக்கொண்டு போக ஒரு சிறியதும் வேண்டும். காட்டுமன்னார்கோவிலிலிருந்து வருகிறவருக்கு மூன்று மணி நேரம் என்று வைத்து, அதே 12 லிட்டரில் கணக்கிட்டு, அதையும் இரண்டால் பெருக்கினால் 4,320 லிட்டர் வரும்.

மூக்கு வழியாக அதிக வேகத்தில் ஆக்ஸிஜன் கொடுக்கும் ஹை-ஃப்ளோ கருவியை நம்பி நீண்ட தூரம் கிளம்புவது பெரும் ஆபத்து. 60 லிட்டர் வேகம், நூறு சதவீத ஆக்ஸிஜன் என்றால் நிரம்பிய பி-டைப் சிலிண்டர் 25 நிமிடத்தில் காலி. அறுபது சதவீதமாகக் குறைத்தாலும், வெளிக்காற்றிலுள்ள ஆக்ஸிஜனையும் சேர்த்தால்கூட 50 நிமிடம்தான் வரும். இப்படிப்பட்டவரைக் கிளம்புவதற்கு முன் வேறு வழிக்கு மாற்ற முடியுமா, அல்லது வார்டிலேயே நிதானமாக மூச்சுப் பாதைக்குள் சுவாசக் குழாய் போட்டுவிடுவது நல்லதா என்று மூத்த மருத்துவர் முடிவெடுக்க வேண்டும். ஓடும் வண்டியில், மங்கலான வெளிச்சத்தில், முட்டிபோட்டுக்கொண்டு குழாய் போடும் நிலைமை வரவே கூடாது.

முள்ளைப் பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சிலிண்டரை மூடிய பிறகும் ரெகுலேட்டருக்குள் அடைபட்ட வாயு முள்ளை 150-லேயே பிடித்து வைத்திருக்கும். பார்த்தவர் நிறைய இருக்கிறது என்று நினைப்பார். இணைப்பைக் கொடுத்த சில நொடிகளில் முள் பூஜ்யத்துக்கு விழும். எனவே சாவியால் முழுதும் திறந்து, ஆக்ஸிஜனை ஓடவிட்டு, ஒரு நிமிடம் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே எழுத வேண்டும். அந்தச் சாவி சிலிண்டரோடு கயிற்றில் கட்டப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது சிலிண்டர் இருந்தும், அதைத் திறக்கச் சாவி வார்டிலேயே தங்கிவிட்டால் எடுத்து வந்து என்ன பயன்? உதிரி வாஷர் ஒன்றிரண்டும் பையில் இருக்கட்டும்.

பேட்டரிக்கும் இதே கண்டிப்பு வேண்டும். "நான்கு மணி நேரம்" என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது புது பேட்டரிக்கான கணக்கு. இரண்டு மூன்று வருடம் ஓடிய கருவிக்குப் பொருந்தாது. மாதம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்து, அந்த நேரத்தைக் கருவியின் மேலேயே ஒட்டிவைக்க வேண்டும். வண்டியின் இன்வெர்ட்டர் பாயின்டில் பிளக் ஆடாமல் உட்காருகிறதா என்பதையும் கிளம்பும் முன் பார்க்க வேண்டும்.

வண்டியில் இருக்கும் வென்டிலேட்டருக்கு நோயாளியைக் கிளம்புவதற்கு 15 நிமிடம் முன்பே, வார்டுக் கட்டிலிலேயே மாற்றிவிட வேண்டும். சின்ன வேலைதான், ஆனால் பெரிய பலன். அந்தக் கருவி அவருக்கு ஒத்துவரவில்லை என்றால் சுற்றிலும் ஆட்களும் வெளிச்சமும் பெரிய வென்டிலேட்டரும் இருக்கும்போதே தெரிந்துவிடும். மாற்றிய பிறகு ஆக்ஸிஜன் அளவு, ரத்த அழுத்தம், வெளிமூச்சில் கார்பன் டை ஆக்சைடு மூன்றும் நிலையாக இருந்தால் கிளம்பலாம்.

சுவாசக் குழாயைப் பற்றி. உதட்டருகே எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது என்று பிளாஸ்டர் மேலேயே பேனாவால் எழுதுங்கள். பெரும்பாலும் பெண்களுக்கு 21, ஆண்களுக்கு 23 அளவில் இருக்கும். மோவாய் மேலே போனால் குழாய் மேலேறும். மோவாய் நெஞ்சை நோக்கிக் குனிந்தால் குழாய் கீழிறங்கி வலது நுரையீரலுக்குள் போய்விடும். இரண்டு சென்டிமீட்டர் வரைகூட நகரும். ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது தலையணையை உருவுகிற அந்த ஒரு நொடியில் நடப்பது இதுதான். ஆகவே தலைமாட்டில் நிற்பவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. இரண்டு விரலால் குழாயையும், உள்ளங்கையால் தாடையையும் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவது அவர்தான். அவர் எண்ணினால்தான் மற்றவர்கள் தூக்க வேண்டும். வியர்வையில் நனைந்த தாடியில் டைனாபிளாஸ்ட் ஒட்டாது. நாடாவால் கழுத்தைச் சுற்றிக் கட்டுங்கள், ஒரு விரல் நுழையும் அளவு தளர்வாக.

நெஞ்சில் வடிகுழாய் இருப்பவருக்கு இன்னொரு அபாயம். தூக்கும்போது வசதிக்காக யாரோ பாட்டிலை நோயாளியின் வயிற்றின் மேல் வைத்துவிடுவார்கள். பாட்டில் தண்ணீர் நெஞ்சுக்குள் திரும்பிப் பாயும். "ஊற்றிவிடுமே" என்று குழாயைக் கிளாம்ப் போட்டு மூடுவது அதைவிட மோசம். வென்டிலேட்டர் தள்ளும் காற்று வெளியேற வழியில்லாமல் நெஞ்சுக்குள் தேங்கி இதயத்தை நெருக்கும். பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே, குழாய் எப்போதும் திறந்து இருக்க வேண்டும்.

ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து ஓடுகிறவருக்கு சிரிஞ்சில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்காமல் கிளம்பவே கூடாது. நார்அட்ரினலின் மணிக்கு 15 மி.லி. வேகத்தில் ஓடுகிறது, சிரிஞ்சில் 12 மி.லி. இருக்கிறது என்றால் 48 நிமிடம். முருங்கப்பாக்கம் நெரிசலில் வண்டி நிற்கும்போது மருந்து தீரும். இந்த மருந்தின் வேலை நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் அழுத்தம் சரிந்துவிடும்; நெரிசலில் ஆம்பூல் உடைத்துக் கலக்க அந்த நேரம் போதாது. இரண்டாவது சிரிஞ்ச் கலந்து, பெயரும் அளவும் எழுதி ஒட்டி, கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மருந்து ஓடும் ஊசியைத் தவிர இன்னொரு கேனுலாவும் வேண்டும், அது ஓடுகிறதா என்று சலைன் செலுத்திப் பார்த்திருக்கவும் வேண்டும்.

வழியில் திடீரென்று ஆக்ஸிஜன் அளவு இறங்கினால் பார்க்க வேண்டியவை நான்கு: குழாய் நகர்ந்ததா, சளி அடைத்ததா, நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று நெஞ்சுக்குள் கசிகிறதா, கருவியோ சிலிண்டரோ நின்றுவிட்டதா. கருவியோடு போராடாமல் முதலில் அதைக் கழற்றிவிட்டு ஆம்பு பேக்கில் (கையால் அழுத்தும் சுவாசப் பை) மூச்சு கொடுங்கள், பிறகு காரணத்தைத் தேடுங்கள். வெளிமூச்சுக் கார்பன் டை ஆக்சைடு காட்டும் கருவி இருந்தால் குழாய் நழுவியது அடுத்த மூச்சிலேயே தெரியும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை மட்டும் நம்பினால் சில நிமிடம் கழித்துத்தான் தெரியும். வென்டிலேட்டர் வண்டி ஒவ்வொன்றிலும் இந்தக் கருவி கட்டாயம் வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துவது அதனால்தான்.

ஆம்பு பேக் அழுத்துவதிலும் நிதானம் வேண்டும். பெரியவர்களுக்கு ஐந்தாறு நொடிக்கு ஒரு முறை, அதாவது நிமிடத்துக்கு 10 முதல் 12. பதற்றத்தில் கை முப்பதுக்குப் போய்விடும். தலைக்காயம் பட்டவருக்கு அப்படிச் செய்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து மூளை ரத்தக்குழாய்கள் சுருங்கும். ஏற்கெனவே அடிபட்ட மூளைக்கு ரத்தம் இன்னும் குறையும்.

நம் மாவட்டம் விவசாய மாவட்டம் என்பதால் இரண்டு வகை நோயாளிகளைத் தனியாகக் குறிப்பிட்டாக வேண்டும். பூச்சிமருந்து குடித்தவருக்கு மாற்று மருந்தான அட்ரோபின் ஓடுவது பயணத்தின் நடுவில் நின்றுவிடக் கூடாது. ஒரு ஆம்பூலில் 0.6 மி.கி.; மணிக்கு 3 மி.கி. ஓடினால் மணிக்கு ஐந்து ஆம்பூல் செலவாகும். பயண நேரத்துக்கு இரண்டு மடங்கு எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் சளிச் சத்தம் திரும்பினால் மருந்து போதவில்லை என்று பொருள். சக்ஷன் (சளி உறிஞ்சும் கருவி) இல்லாத வண்டியில் இவரை ஏற்றவே கூடாது. பூச்சிமருந்து நனைந்த துணிகளைக் களைந்து உடம்பைக் கழுவாமல் ஏற்றினால், மூடிய வண்டியில் கூட வருகிறவருக்கும் தலை சுற்றும்.

கட்டுவிரியன் கடித்தவர் விஷயத்தில் எங்கள் மனம் பதறுவதுண்டு. தசைகள் செயலிழந்து இமைகூடத் திறக்காது, கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கு அசையாது. பார்ப்பவர்கள் "நினைவே இல்லை, மூளை போயிடுச்சு" என்று அவர் தலைமாட்டிலேயே பேசுவார்கள். அவருக்கு எல்லாம் கேட்கும். தூக்க மருந்து கொடுக்க வேண்டும், அவரிடம் பெயர் சொல்லிப் பேச வேண்டும், "உங்களுக்குச் சரியாகிவிடும், கருவி உங்களுக்காக மூச்சு விடுகிறது" என்று காதில் சொல்ல வேண்டும். விஷமுறிவு மருந்தின் முதல் தவணையான 8 முதல் 10 குப்பிகளைக் கிளம்பும் முன்பே கொடுத்து, எத்தனை குப்பி, எத்தனை மணிக்கு என்று படிவத்தில் எழுதியிருக்க வேண்டும்.

பச்சிளம் குழந்தைக்கு முதல் எதிரி குளிர். ஏசியை அணைத்து, தொப்பி போட்டு, உடல் வெப்பம் 36.5 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூட யார் போவது? குழாய் நழுவினால் மூச்சைத் திரும்பக் கொடுக்கத் தெரிந்த ஒருவர். மருத்துவர் கிடைக்காத இரவில், ஐ-ஜெல் போன்ற, குரல்வளைக்கு மேலேயே நிற்கும் மேல்குழாய் போடப் பழகிய செவிலியரோ அவசரகால மருத்துவ உதவியாளரோ (இ.எம்.டி.) போதும், அந்தக் குழாய் பையில் சரியான அளவில் இருக்க வேண்டும். வார்டில் கையில் வேலை இல்லாதவரைப் பிடித்து ஏற்றிவிடும் வழக்கம் நிற்க வேண்டும். ஓட்டுநர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ரத்தம் குறைந்து அழுத்தம் தளர்ந்த நோயாளிக்குத் திடீர் பிரேக்கும் திடீர் வேகமும் மருந்தையே முறியடிக்கும். சீரான வேகம்தான் அவருக்குப் பாதுகாப்பு. வழிவிடாத வாகனத்துக்கு 2019-ன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி 10,000 ரூபாய் அபராதம் உண்டு. இரு பக்கத்துப் போக்குவரத்துக் காவலர்களும் அதை நடைமுறைப்படுத்தினால் வண்டி விரட்டிக்கொண்டு போக வேண்டிய தேவை குறையும்.

ஒப்படைக்கும் இடத்தில் நேரம் வீணாவது பற்றியும் சொல்லியாக வேண்டும். நோயாளி ஸ்ட்ரெச்சரிலேயே தாழ்வாரத்தில் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் வண்டியின் ஆக்ஸிஜன் கரைகிறது. வந்த 15 நிமிடத்துக்குள் மருத்துவமனையின் சுவர் ஆக்ஸிஜனுக்கு மாற்ற வேண்டும் என்று பெறும் பக்கத்துக்கு விதி வேண்டும். மாற்றிய பிறகு ஒரு நிமிடம் எல்லோரும் கையை நிறுத்திவிட்டு, கூட வந்தவர் சொல்வதைக் கேட்க வேண்டும்: என்ன நோய், என்ன செய்தோம், எந்த மருந்து எந்த வேகத்தில், வழியில் என்ன நடந்தது, கடைசித் தூக்க மருந்து எப்போது. ஸ்கேன் படங்கள் குறுந்தகட்டிலோ ஃபிலிமிலோ கையோடு வர வேண்டும். உறவினர் போனில் எடுத்த புகைப்படத்தை வைத்து மூளை அறுவைக்கு முடிவெடுக்க முடியாது.

இவற்றை நிறைவேற்ற உங்களிடம் நாங்கள் வேண்டுவது இவை. கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி, முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி, ஜிப்மர், புதுவை இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை, கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரி ஆகிய இடங்களின் வென்டிலேட்டர் படுக்கை நிலவரத்தை 24 மணி நேரமும் சொல்லும் ஒரே தொலைபேசி மேசை. ஜிப்மர் மத்திய அரசின் நிறுவனம் என்பதால் அதன் இயக்குநரையும் இந்தப் பேச்சுக்கு அழைக்க வேண்டும். அடுத்து, மேலே சொன்ன கணக்குகளுக்குக் கட்டம் போட்ட ஒரு பக்கப் படிவம், தமிழிலும் ஆங்கிலத்திலும், இரண்டு பிரதி. ஆக்ஸிஜன் லிட்டர், பேட்டரி நேரம், குழாய் அளவு, பேசிய மருத்துவர் பெயர் ஆகிய நான்கு கட்டங்கள் நிரம்பாமல் வண்டி கிளம்பக் கூடாது.

முள்ளோடை எல்லையில் வண்டி மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமிருக்கக் கூடாது. ஏற்றிய வண்டியே படுக்கை வரை போக வேண்டும். வண்டி போய்ச் சேர்ந்த பக்கத்து 108 சேவை, அந்த நேரத்தில் வண்டி இல்லாமல் காலியான பகுதிக்கு மாற்று வண்டி நிறுத்த ஒப்பந்தம் வேண்டும். பக்கவாட்டில் "ஐசியு" என்று ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிகளை வட்டாரப் போக்குவரத்து அலுவலரும் சுகாதாரத் துறையும் சேர்ந்து ஆய்வு செய்யுங்கள். ஆம்புலன்ஸ்களுக்கான ஏ.ஐ.எஸ்-125 தரநிலையில் உயர்நிலை உயிர்காக்கும் வண்டி டி வகை. அந்த வகைக்கு உட்படாத வண்டி வென்டிலேட்டர் நோயாளியை ஏற்றக் கூடாது.

கடைசியாக, மாதம் ஒரு முறை இரு பக்கத்தாரும் உட்கார்ந்து, படிவங்களைப் பரப்பி, எந்தப் பயணத்தில் எது தவறியது என்று பார்க்க வேண்டும். யாரையும் தண்டிப்பதற்காக இல்லாமல், அடுத்த மாதப் பையில் எது கூடுதலாக இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க அந்தக் கூட்டம் நடக்கட்டும். முதல் கூட்டத்துக்கு இடமும் தேதியும் குறித்தால், மாதிரிப் படிவத்தோடும் ஆக்ஸிஜன் கணக்கு அட்டையோடும் நாங்கள் வருகிறோம். செவிலியர்களுக்கும் இ.எம்.டி.க்களுக்கும் இரண்டு நாள் பயிற்சி கொடுக்கவும் எங்களில் பலர் தயார், கட்டணம் வேண்டாம்.

இப்படிக்கு,
கடலூர் – புதுச்சேரி தடத்தில் பணிபுரியும் தீவிர சிகிச்சைச் செவிலியர்கள், மயக்கவியல் மருத்துவர்கள், அவசரகால மருத்துவ உதவியாளர்கள்